மிஷின் உன்னை வந்ததாகச் சொல்கிறது

ஞாயிற்றுக்கிழமை ஆனாலும் கையில் இறால் வாசனை போகவில்லை அக்கா. புளி வைத்துத் தேய்த்தேன், எலுமிச்சம்பழத் தோல் வைத்தும் தேய்த்தேன். நக இடுக்கில் அப்படியே இருக்கிறது. மோந்து பார்த்தபோது நீதான் வந்து நின்றாய். ஞாயிறு மத்தியானம் தலைக்குக் குளித்துவிட்டு, ஈர முடியோடு என் வீட்டு வாசலுக்கு வந்து, இரண்டு கையையும் என் மூக்குக்கு நேராக நீட்டுவாய்.

"மோந்து பாருடி. போயிடுச்சா?"

"போயிடுச்சுக்கா."

போயிருக்காது. எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். இருந்தாலும் கேட்பாய். நானும் அதையே சொல்லுவேன்.

நாளைக்குக் காலையில் இறால் கம்பெனி கேட்டில் இருக்கிற மிஷினிலிருந்து உன் முகத்தை எடுத்துவிடப் போகிறார்கள். அதை உன்னிடம் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். எடுக்காமல் விட்டால் என் வேலை போய்விடும். எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உன்மேல் மண் தள்ளினதை என் கண்ணால் பார்த்தவள் நான். நீ இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் தினம் காலையில் அந்த மிஷின் உன் பேரைச் சொல்கிறது. அதைக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறேன். நாளையோடு அதுவும் இல்லை.

முன்னே வேர்க்கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கப் போகும்போது இந்தப் பேஜாரெல்லாம் நமக்குக் கிடையாது. கொல்லைக்காரர் வரப்பில் நின்று தலையை எண்ணுவார். எண்ணினால் முடிந்தது. மழை இல்லாமல் கொல்லை வேலை குறைந்து, நாம் இரண்டு பேரும் கம்பெனி வண்டியில் ஏறின பிறகுதான் நாம் வந்தோமா இல்லையா என்பதை ஒரு பெட்டி சொல்ல ஆரம்பித்தது.

முதலில் விரல் வைக்கிற பெட்டி. காலையில் ஒன்றும் தொந்தரவு இல்லை. காய்ந்த விரல், வைத்த உடனே 'தேங்க்யூ' என்று சொல்லிவிடும். சாயங்காலம்தான் வம்பு. நாள் பூராவும் ஐஸ் தண்ணியில் இறால் உரித்த கை. உறை போட்டிருந்தாலும் முள் கிழித்து உள்ளே தண்ணி போய்விடும். விரல் நுனி வெளுத்து, ஊறப்போட்ட கொண்டைக்கடலை மாதிரி சுருங்கிக் கிடக்கும். பெட்டியில் வைத்தால் சிவப்பு விளக்கு எரியும். வெளியே போன கணக்கு ஏறாவிட்டால் அன்றைக்கு வந்த கணக்கும் இல்லை. வெளியே வண்டிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருப்பார்.

அப்போது நாம் எல்லாரும் விரலை உலர வைக்க என்னென்ன பண்ணினோம், ஞாபகம் இருக்கிறதா? ஒருத்தி தலைமுடிக்குள் விட்டுத் தேய்ப்பாள். ஒருத்தி வண்டியின் முன்பக்கச் சூட்டில் கையை வைத்துக்கொண்டு நிற்பாள். கோட்டக்குப்பத்து நூர்ஜஹான் அக்குளில் வைத்துக்கொள்வாள். "அய்ய, அந்த வெரலயா வெச்ச? பொட்டி மயக்கம் போட்டுடப் போவுது" என்று நீ சொல்ல, அவள் அதே கையால் உன் முதுகில் ஓர் அறை விட்டாள். நீ உன் விரலை எல்லார் முன்னாலும் தூக்கிக் காட்டி, "இந்த ரேகைய பாத்தா ஜோசியக்காரன் துண்டத் தோள்ல போட்டுக்கினு ஓடிப்போயிடுவான்டி" என்று சொன்னாய். வரிசையே சிரித்தது. செக்யூரிட்டியும் சிரித்தார்.

அப்புறம் முகம் பார்க்கிற மிஷின் வந்தது. உனக்கு அதில் ரொம்பச் சந்தோஷம். "இனிமே கை சுருங்குனா இன்னா? மூஞ்சி சுருங்கற வரிக்கும் கவல இல்ல" என்று சொன்னாய். முன்னால் போய் நின்றால் போதும், நம் பேரை அதுவே சொல்லும். ஊர்ப் பேரெல்லாம் அதன் வாயில் நுழையாது. உன் பேரை நீட்டி முழக்கிச் சொன்னபோது, "யாரோ கலெக்டரம்மாவ கூப்புடற மாதிரி இல்ல?" என்று என் இடுப்பில் இடித்தாய்.

அந்த மிஷினுக்கு நம் இரண்டு பேரையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்திருந்தது. நீ குச்சி, நான் குண்டு. உன் கன்னம் உள்ளே ஒட்டியிருக்கும். என் கன்னத்தைப் பிடித்து ஆட்டி, "அப்பா வாங்கிக்கினு வந்த பன்னு பூரா நீதான் துன்னியா?" என்று வயசான பிறகும் கேட்டுக்கொண்டிருந்தாய்.

மிஷின் மாறினாலும் மாறாமல் இருந்தது ஒன்றுதான். சாப்பாட்டு மணி அடிப்பதற்கு முன்னால் வெளியே போனால் அந்த நாளே கிடையாது. காலையில் வந்து நின்றது, உரித்தது, ஐஸில் விறைத்தது எல்லாம் இல்லாமல் போய்விடும். மிஷினில் 'வரவில்லை' என்று விழும். மணி அடித்த பிறகு போனால் அரை நாள். இதைக் கேட்டுக் கேட்டு எல்லாருக்கும் காதில் ஊறிவிட்டது.

அன்றைக்குக் காலையிலேயே நீ சரியாக இல்லை. வண்டியில் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு வந்தாய். நான் கேட்டதற்கு, "வாயு புடிச்சிக்கிச்சுடி" என்று சொன்னாய். உள்ளே போய் உரிக்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் உனக்கு வேர்த்தது. அந்தக் கூடத்தில் நமக்கெல்லாம் பல் கிட்டிக்கொள்கிற குளிர். உனக்கு மட்டும் தொப்பிக்குக் கீழே நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. இடது கையைத் தூக்க முடியாமல் மேசைமேல் வைத்துக்கொண்டு வலது கையால் மட்டும் உரித்தாய்.

"யக்கா, போயிடலாம் வா. நான் சூப்பரைசர்கிட்ட சொல்றேன்."

"சும்மா கெட. மணி அடிக்கட்டும்."

"இன்னாக்கா நீ, மூஞ்சே ஒரு மாரியா இருக்குது."

"இவ்ளோ நேரம் நின்னுட்டு சும்மா போனா, நான் வரவே இல்லன்னு ஆயிடும்டி. வந்தவ வந்தவளா இருக்கட்டும்."

நூர்ஜஹான் எதிர்ப்பக்கத்திலிருந்து உன்னுடைய தட்டை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டு, உனக்கும் சேர்த்து உரித்தாள். சூப்பரைசர் வந்து பார்த்தார். "முடியலன்னா போம்மா, நாங்க யாரும் புடிச்சு வைக்கலயே" என்று சொன்னார். அவர் சொன்னது நிசம்தான். யாரும் உன்னைப் பிடித்து வைக்கவில்லை.

மணி அடித்தது. நீ உன் காலாலேயே நடந்து போய், முகமூடியை இறக்கி, மிஷின் முன்னால் நிமிர்ந்து நின்றாய். உன் பேரைச் சொல்லி 'தேங்க்யூ' என்றது. நீ என் பக்கம் திரும்பி, "பாத்தியா, அர நாள் ஏறிடுச்சு" என்று சொன்னாய்.

நீ என்னிடம் கடைசியாகச் சொன்னது அது. மகளைப் பற்றியோ, உன் வலியைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை. வண்டியின் படியில் உட்கார்ந்தவள் அப்படியே சாய்ந்தாய். வண்டிக்காரர் ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் திண்டிவனம் வரைக்கும் ஓட்டினார். உன் தலை என் மடியில் இருந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு டாக்டர் உன் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, "எப்பம்மா ஆரம்பிச்சுது?" என்று கேட்டார். "காலைலங்க" என்று சொன்னேன். "காலையிலேயே கொண்டாந்திருக்கலாமே" என்றார். நான் அவருக்கு என்ன பதில் சொல்லுவது? மணி அடிக்கவில்லை என்றா?

நீ போன பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. ராங்கி என்று நினைத்துவிடாதே, நிசமாகவே இறங்கவில்லை. ஒரு வாய் வைத்தால் தொண்டையில் நின்றுகொள்ளும். காரியமெல்லாம் முடிந்து நான் திரும்ப வேலைக்குப் போனபோது ரவிக்கை தோளில் தொங்கியது. உன் மகள் விழுப்புரத்தில் ஜவுளிக்கடை வேலைக்கு நடுவில் தினம் போன் பண்ணி, "சித்தி, இன்னா சாப்ட?" என்று கேட்கிறாள். ஏதாவது ஒரு குழம்பின் பேரைச் சொல்லி வைக்கிறேன்.

அப்படி ஒரு காலையில்தான் அது நடந்தது. வரிசையில் என் முறை வந்து மிஷின் முன்னால் நின்றேன். அது உன் பேரைச் சொல்லி 'தேங்க்யூ' என்றது.

நான் திரும்பிப் பார்த்தேன் அக்கா. எனக்குப் பின்னால் நீ நிற்கிறாய் என்று நினைத்துத்தான் பார்த்தேன். நூர்ஜஹான் நின்றாள். அவளுக்கும் கேட்டிருந்தது. வரிசையில் எல்லாருக்கும் கேட்டிருந்தது. நூர்ஜஹான்தான் என் தோளைத் தள்ளி, "கூப்புடுதில்ல, பதில் சொல்லிட்டு உள்ள போடி" என்று சொன்னாள். சொன்னவள் முக்காட்டை இழுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் கழுவுகிற இடத்தில் இருக்கும் கண்ணாடியைப் பார்த்தேன். கன்னம் ஒட்டியிருந்தது. கண்ணுக்குக் கீழே பள்ளம். நானே உன்னைப் போல்தான் இருந்தேன். மிஷின் மேல் தப்புச் சொல்ல முடியாது.

அடுத்த நாளும் உன் பேர்தான். அதற்கடுத்த நாளும் அப்படியே. வரிசையில் இருந்தவர்களுக்கு அது பழகிவிட்டது. முதலில் பயந்தவர்கள் கூட அப்புறம் என்னை முன்னால் விட்டுவிட்டுக் காத்துக்கொண்டிருப்பார்கள். உன் பேர் வந்ததும் பின்னாலிருந்து யாராவது, "ம், பெரியக்கா வந்துட்டாங்க, நடங்கடி ஜல்தி" என்பார்கள். கேலி இல்லை அது. உன்னை உள்ளே விட்டுவிட்டுத்தான் அவர்கள் வந்தார்கள்.

உன் மகளிடம் சொன்னேன். "நெசமாவா சித்தி? அம்மா போட்டோ வருதா?" என்று கேட்டாள். வருகிறது என்று சொன்னேன். பெரிய பொட்டோடு, மிஷின் வந்த அன்றைக்கு எடுத்த போட்டோ. "அப்டியே இருக்கட்டும் சித்தி. யார்கிட்டயும் சொல்லாத" என்றாள். நானும் சொல்லவில்லை. எனக்கும் சொல்ல மனசு இல்லை.

உன்னைக் காலையிலிருந்து மத்தியானம் வரை நிற்க வைத்த பெட்டி அது. அதை ஒரு கல்லை எடுத்து உடைக்க வேண்டும் என்று வேலைக்குத் திரும்பின முதல் நாள் நினைத்தேன். அதே பெட்டி முன்னால்தான் இப்போது தலையைச் சீவிக்கொண்டு போய் நிற்கிறேன். உன் பேரைச் சொல்லாதா என்று. என்னை என்ன செய்யச் சொல்கிறாய்?

வெள்ளிக்கிழமை ஆபீஸில் கூப்பிட்டார்கள். புதிதாகச் சேர்ந்த பொண்ணு ஒன்று, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தது.

"இன்னாக்கா, நீங்க வேலைக்கு வர்றதே இல்லியா? உங்க பேருக்கு வரலை வரலைன்னே காட்டுதே."

"நான் தெனம் வர்றேனே மேடம். இன்னிக்குக் காலைல வண்டிய விட்டு எறங்கும்போது நீங்களே பாத்துச் சிரிச்சீங்களே."

"நான் பாத்தா செல்லாதுக்கா. அது பாக்கணும்."

திரையை என் பக்கம் திருப்பிக் காட்டியது. என் பேருக்கு நேராகச் சிவப்பு சிவப்பாக இருந்தது. உன் பேருக்கு நேராக ஒரு நாள் விடாமல் பச்சை.

"இவங்க யாரு? உங்க ஊரு, உங்க அப்பா பேருதான் போட்டிருக்குது. இவங்க மட்டும் கரெக்டா வர்றாங்க."

"எங்க அக்கா மேடம். செத்துட்டாங்க."

அந்தப் பொண்ணு வாயில் கையை வைத்துக்கொண்டது. "ஐயோ, எனக்குத் தெரியாதுக்கா. நான் இப்பதான் சேந்தேன்" என்று எழுந்தே நின்றுவிட்டது. அப்புறம் மெதுவாகச் சொன்னது. உன் பேரை மிஷினிலிருந்து எடுக்க வேண்டும். அதற்குப் பெரிய சார் வர வேண்டும். திங்கட்கிழமை வருவார். நான் பக்கத்தில் இருந்து சொல்ல வேண்டும். எடுக்காவிட்டால் மிஷினே என்னை வராமல் நின்றவள் என்று கணக்கில் வைத்து வேலையிலிருந்து நீக்கிவிடும். அதைக் கூட யாரும் செய்ய வேண்டாமாம், தன்னால் ஆகிவிடுமாம்.

"எடுக்காம எனுது மட்டும் சரி பண்ண முடியாதா மேடம்?"

"ரெண்டு பேரும் ஒரே மாதிரி இருக்கீங்களேக்கா. ஒருத்தர் இருந்தாத்தான் அது ஒழுங்கா பாக்கும்."

இதுதான் அக்கா நாளைக்கு நடக்கப் போவது. என் வீட்டுக்காரருக்கு முதுகு விழுந்த பிறகு என் ஒரு கையில்தான் வீடு ஓடுகிறது, உனக்குத் தெரியும். வேலையை விட என்னால் முடியாது. உன் மகளிடம் இன்னும் சொல்லவில்லை. விளக்கு வைக்கிற நேரம் ஆகிவிட்டது. நிறுத்துகிறேன்.

இன்று திங்கட்கிழமை. போய்விட்டு வந்துவிட்டேன்.

காலையில் வரிசையில் நின்றபோது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை, இருந்தாலும் தெரிந்திருந்தது. மிஷின் உன் பேரைச் சொன்னதும் இன்றைக்கு 'பெரியக்கா வந்துட்டாங்க' இல்லை. நூர்ஜஹான் மட்டும், "போயிட்டு வாங்கக்கா" என்று மிஷினைப் பார்த்துச் சொன்னாள். உன்னை எந்நாளும் வாடி போடி என்றவள் அவள்.

பெரிய சார் தங்கமான மனுசர்தான். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். உன் பேரைத் தேடி எடுத்தார். உன் முகம் திரை முழுக்க வந்தது. ஏதோ அமுக்கினார். ஏன் எடுக்கிறோம் என்று அது கேட்டதாம். அதுவே நாலைந்து காரணமும் போட்டிருந்தது. சார் வாசித்தார். சொந்த விருப்பத்தில் விலகியது. வேறு வேலை. கல்யாணம். சொல்லாமல் நின்றது.

"செத்துட்டாங்கன்னு இல்லீங்களா சார்?"

"இதுல இல்லம்மா. எதையாவது ஒண்ணத் தொட்டாத்தான் அடுத்த பக்கம் போவும்."

ஆபீஸ் பொண்ணு எட்டிப் பார்த்துவிட்டு, "சொந்த விருப்பம்னு போட்ருங்க சார். அதுதான் கொஞ்சம் மரியாதையா இருக்கு" என்று சொன்னது. நல்ல மனசோடுதான் சொன்னது. சார் என் முகத்தைப் பார்த்து, "போடட்டுமாம்மா?" என்று கேட்டார்.

எனக்கு என்னென்னவோ சொல்ல வேண்டும் போல இருந்தது. மார்வலியோடு மணி அடிக்கிற வரைக்கும் நின்றவள் சார் அவள், அவளுக்கு விலகிப்போகிற விருப்பம் எங்கே இருந்தது என்று கேட்க வேண்டும் போல இருந்தது. வாயைத் திறந்தால் வந்தது இவ்வளவுதான்:

"சொல்லாம நின்னதுன்னு மட்டும் போட்றாதீங்க சார். அவங்க அப்படி நின்னதே இல்ல."

"போடலம்மா" என்றார். தொட்டார். உன் முகம் போய்விட்டது. ஒரு சத்தம் கூட இல்லை. அந்த இடத்தில் உனக்கு அடுத்து இருந்தவளின் முகம் வந்து நின்றது.

அப்புறம் என்னைக் கேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் மிஷின் முன்னால் நிறுத்தினார்கள். உன்னை எடுத்துவிட்டால் என்னைத் தெரிந்துகொள்ளும் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அது 'ஆள் தெரியவில்லை' என்று சொல்லிற்று. தள்ளி நிற்கச் சொன்னார்கள், கிட்டே வரச் சொன்னார்கள். தெரியவில்லை என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னது. அதற்குள் இருந்தது பழைய என் முகம், அந்தக் குண்டுக் கன்னக்காரி. அவளைப் போல நான் இல்லை.

"புதுசா எடுத்துடலாம்மா. கண்ணத் தொடச்சிக்கினு நேரா பாருங்க. கண்ணு ஈரமா இருந்தா எடுக்க மாட்டேங்குது" என்று சார் சொன்னார். முந்தானையால் துடைத்தேன். திரும்ப ஈரம். திரும்பத் துடைத்தேன். கடைசியில் எடுத்துக்கொண்டது. என் பேரைச் சொல்லி 'தேங்க்யூ' என்றது. திரையில் என் பேருக்குக் கீழே ஒட்டின கன்னமும் பள்ளம் விழுந்த கண்ணுமாக உன் முகம் இருந்தது. பொட்டு மட்டும்தான் சின்னது.

சார் போகும்போது சொன்னார்: "இனிமே தெனம் இதத்தான் வெச்சுப் பாக்கும். மறுபடி ஆளு ரொம்ப மாறிட்டா மறுபடியும் தெரியலைன்னு சொல்லும். கொஞ்சம் பாத்துக்கங்க."

சாயங்காலம் உன் மகள் போன் பண்ணினாள். எடுத்துவிட்டார்கள் என்று சொன்னேன். அவள் அழவில்லை. கடையில் கூட்டம் என்று சொன்னாள். வைப்பதற்கு முன்னால், "சாப்ட்டு ஒடம்பத் தேத்து சித்தி" என்றாள். சரி என்று சொன்னேன்.

தேறக்கூடாது அக்கா. தேறினால் அது என்னை வெளியே நிறுத்திவிடும். அழுது வற்றின இந்த முகத்தைத்தான் பதிந்து வைத்திருக்கிறார்கள். இதை அப்படியே காப்பாற்றி, தினம் காலையில் கொண்டுபோய்க் காட்டினால்தான் கேட் திறக்கும். சோறு வடித்து வைத்திருக்கிறேன். வீட்டுக்காரருக்குப் போட்டுவிட்டு, நான் பாதி வயிற்றோடு எழுந்துகொள்வேன். நாளைக்கு வண்டி வரும்.